டுக்லு தமிழ் பேசியது

என் கணவர் ரங்கராஜன் நாற்பத்தைந்து வருஷம் கார்ட்டூன் எடுத்தவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர் அப்பா தலையில் அடித்துக்கொள்ள, பல்பொடி விளம்பரத்துக்கு எலி வரைவதில் தொடங்கி, கல்கத்தாவில் பெஹாலா பக்கம் சொந்த ஸ்டூடியோ போட்டு, டுக்லு என்ற கீரிப்பிள்ளையை வைத்து வங்காளத்துக் குழந்தைகளையெல்லாம் டிவி முன்னால் கட்டிப்போட்ட டைரக்டர். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது. கீரி எப்படித் தும்மும் என்று கேட்டால் மட்டும் எழுந்து நின்று தும்மிக் காட்டுவார்.

டுக்லுவுக்குப் பெங்காலியில் குரல் கொடுத்தது எங்கள் ஒரே பிள்ளை வருண். அப்போது அவன் சின்னப் பையன். போன வருஷம் டெங்குவில் போய்விட்டான். பழைய டுக்லு படங்களை டிவியில் போடும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன். எனக்கு மிச்சம் அவ்வளவுதான்.

ஊரின் அந்தக் கோடி சால்ட் லேக்கிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. டுக்லுவைப் புதிதாகப் பல மொழிகளில் எடுக்கப் போகிறார்களாம். வருணின் பழைய டேப்புகளைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அவன் குரலில் பேசிவிடுமாம். வெகுகாலமாக யாரும் சீந்தாத மனுஷருக்கு வாயெல்லாம் பல்.

"ஏன்னா, வேண்டாம். அவன் பேசினது போறும். பேசாததையெல்லாம் அவன் வாயில திணிக்காதீங்கோ."

"அத்தனை வருஷ உழைப்பு, வத்சலா. டுக்லுவும் செத்துப்போகணுங்கறயா?"

"செத்தது என் பிள்ளை. உங்களுக்குக் கீரி பெரிசாப் போச்சா?"

மறுநாள் பார்த்தால் டேப்புகள் இருந்த அலமாரி காலி. அப்புறம் அவரோடு நான் பேசவேயில்லை. சாதத்தை எதிரில் வைத்துவிட்டுப் போவேன்.

நேற்று அவராகவே லேப்டாப்பைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தமிழ்ல பண்ணியிருக்கா. ஒரே ஒரு தடவை கேளு."

கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது.

திரையில் கீரிக்குட்டி ஜன்னலுக்கு ஓடியது. "அம்மா, மழை! வாழையெல்லாம் நனையுது பாரு!"

அவன் குரலேதான். "என்னடா கண்ணா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. கல்கத்தாவில் வளர்ந்த பிள்ளை. பெங்காலி தண்ணீர் பட்ட பாடு, தமிழில் ழ மட்டும் அவனுக்கு வரவேயில்லை. மளை, வாளை, பளம். நான் திட்டினால் வேண்டுமென்றே இன்னும் நாலு ள போட்டு என்னைச் சிரிக்க வைப்பான். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டதும் ஆரஞ்சுப் பளம்தான்.

"கேட்டியா? ழ எவ்வளவு சுத்தமா வரது!" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

காலையிலிருந்து, அவன் கட்டிலில் படுத்தபடி "பளம்" என்று கேட்டதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். காதில் "பழம்" என்றுதான் விழுகிறது.