கொழுவலாம், கழட்டலாம்

மூன்று வயதும் எட்டு மாதமும் ஆனபோது யதுசா தாயின் மடியில் ஏற மறுத்துவிட்டாள்.

அதுவரைக்கும் அந்த மடிதான் அவளுடைய வாகனம். தாய் பிரியந்தினிக்குப் பதினாறு வயதில், போர்க்காலத்தில், முள்ளந்தண்டில் எறிகணைத் துண்டு பட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சமைப்பாள், முற்றம் கூட்டுவாள். தையல் மெசினின் பெடலை மேசையில் தூக்கி வைத்து முழங்கையால் அழுத்தி ஊருக்கெல்லாம் சட்டை தைப்பாள். கோபம் வந்தால் நாற்காலியை ஒரே சுழற்றில் திருப்பிக்கொண்டு வெளியே போய்விடுவாள். பிள்ளை பிறந்த பிறகு, அவளை ஒரு சேலைத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முள்ளியவளை ஊரின் ஒழுங்கை தெருவெல்லாம் திரிந்தாள். முன்பள்ளிக்கும் அப்படித்தான் கூட்டிப் போனாள்.

மறுப்புக்குக் காரணம் ஒரு சிவப்பு மூன்று சில்லுச் சைக்கிள். கணவன் செந்தூரன் முல்லைத்தீவு டவுனிலிருந்து கொண்டுவந்து இறக்கியது.

"நான் பேபி இல்லை. நான் சைக்கிளிலதான் பள்ளிக்கூடம் போவன்," என்றாள் யதுசா.

போனாள். அரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தூரம். விதானையார் வீட்டு மதில் வரைக்கும் நன்றாக மிதித்தாள். அதற்குப் பிறகு கால் ஓய்ந்து நடு றோட்டில் இறங்கிக் குந்திக்கொண்டாள். மடிக்கும் வரமாட்டாள், சைக்கிளையும் விட்டுவரமாட்டாள். நாற்காலியை உருட்டவே பிரியந்தினிக்கு இரண்டு கையும் வேண்டும். சைக்கிளைத் தள்ள மூன்றாவது கை இல்லை. கடைசியில் அந்த வழியாக ஸ்கூட்டியில் வந்த முன்பள்ளி ஆசிரியை ஜெகதீஸ்வரி பிள்ளையையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனா.

அடுத்த நாளிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ரீச்சர் நல்ல மனுசி, போகும்போது வாசலில் வந்து ஏற்றுவா, வரும்போது வாசலில் இறக்குவா. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரியந்தினிக்கு அந்த றோட்டுக் கதை போய்விட்டது. மாடு ஏன் செருப்புப் போடுவதில்லை, கோயில் மணிக்கு நோகாதா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வருகிற பிள்ளை, இப்போது எல்லாவற்றையும் ரீச்சரிடம் கேட்டுத் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "சோறு" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் பிரியந்தினி ஒரு கயிற்றை எடுத்து நாற்காலியின் முதுகில் கட்டி, மறு நுனியைச் சைக்கிளின் கைபிடியில் கட்டினாள். முற்றத்தில் உருட்டிப் பார்த்தாள். சைக்கிள் பின்னால் வந்தது. யதுசா கைதட்டினாள். பிரியந்தினி நாற்காலியை நிற்பாட்டினாள். சைக்கிள் நிற்கவில்லை, நேரே வந்து நாற்காலியில் மோதியது. இழுபட்ட வேகத்தில் பெடல் தானாகச் சுற்றிப் பிள்ளையின் கணுக்காலிலும் ஒரு அடி.

"கயிறு இழுக்கும், நிற்பாட்டாது," என்று அன்றிரவு சாப்பிடும்போது செந்தூரனிடம் சொன்னாள். "கம்பிதான் வேணும். பெடலும் சுத்தக் கூடாது."

"ரீச்சர் கூட்டிக்கொண்டு போறாதானே. உமக்கேனப்பா இந்தக் கரைச்சல்?"

"ரீச்சரிட்டயே பிள்ளையைப் பெறுவிச்சனான்?"

செந்தூரன் சோற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அவன் அரிசி ஆலையில் மெசின் ஓட்டுகிறவன். மனைவி ஒரு அளவை மனதில் எடுத்துவிட்டால் துணி வெட்டாமல் விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் அளவு நாடாவை எடுத்தாள். நாற்காலியின் உயரம், சில்லின் அகலம், சைக்கிளின் கழுத்து, பிள்ளையின் கால் நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்தாள். பழைய கலண்டர் தாள்களை ஒட்டி, சட்டைக்கு வெட்டுவதுபோல முழு அளவில் ஒரு கம்பியின் வடிவத்தை வெட்டினாள். நாற்காலியின் வலது பக்கத்தில் சைக்கிளைப் பூட்டி, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கதைத்துக்கொண்டு போவதுதான் அவளுடைய எண்ணம். தாளைச் சுருட்டிச் செந்தூரனிடம் கொடுத்து லாபிரிடம் அனுப்பினாள்.

லாபிர் நீராவிப்பிட்டியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். சின்ன வெல்டிங் வேலைகளும் செய்வார். பிரியந்தினியின் நாற்காலிக்கு ஏழெட்டு வருடமாக ரயர் மாற்றுகிறவர் அவர்தான். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் அவரை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். தாளை விரித்துப் பார்த்துவிட்டு, அன்று பின்னேரமே இரும்புக் கம்பியோடு தானே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

"முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன் தங்கச்சி. சைக்கிளுக்குச் சட்டை அளவு அனுப்பின முதல் ஆள் நீங்கதான்."

"அளவு பிழையோ நானா?"

"அளவு சரி. பக்கத்தில பூட்டினாச் சரிவருமோ எண்டதுதான் யோசனை. வாங்க பாப்பம்."

பூட்டினார்கள். பிள்ளைக்குப் பதிலாகப் பதினைந்து கிலோ அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டினார்கள். பிரியந்தினி உருட்டினாள். நாற்காலி வலது பக்கம் திரும்பியது. இடது கையைக் குறைத்து வலது கையால் கூட்டி உருட்டினாள். அப்போதும் வலது பக்கமே திரும்பியது. கிணற்றடிக்குப் போக வெளிக்கிட்டவள், முற்றத்தை ஒரு முழு வட்டம் சுற்றி லாபிருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னொருக்கா!" என்று கத்தினாள் யதுசா.

பிரியந்தினி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "செக்கு மாடு மாதிரிச் சுத்துறன் நானா. எள்ளுக் கொண்டு வந்திருந்தா எண்ணெயாவது எடுத்திருக்கலாம்."

"அப்ப பின்னுக்குத்தான்," என்றார் லாபிர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "பின்னுக்குப் பூட்டினா நேரா வரும். முன் சில்லைக் கொஞ்சம் தூக்கி விட்டமெண்டால் பெடலும் சுத்தாது. ஆனா ஒரு சிக்கல். உங்கட முதுகுக்குப் பின்னால இருக்கிறதை நீங்க எப்பிடிப் பூட்டுவீங்க? ஒவ்வொரு முறையும் ஒராள் வேணுமே."

அதுதான் அவளை இரண்டு நாள் தூங்கவிடாத கேள்வி. இன்னொருவர் வந்து பூட்ட வேண்டுமென்றால் ரீச்சரின் ஸ்கூட்டியே போதும். தனியாகப் பூட்ட வேண்டும், தனியாகக் கழற்ற வேண்டும். முன்பள்ளி முற்றத்தில் பிள்ளை சைக்கிளை மற்றப் பிள்ளைகளோடு ஓட்டுவாள். அந்த நேரம் கம்பி அதில் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

சனிக்கிழமை ஒரு கல்யாணப் பெண்ணின் சட்டை முடிக்க இருந்தது. முதுகுப் பக்கம் திறக்கிற சட்டை. பிரியந்தினி கடைசிக் கொழுக்கியைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள். பெண் உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். யாரும் உதவவில்லை, கண்ணாடியும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், கதைத்துக்கொண்டே ஐந்து கொழுக்கியையும் மாட்டிவிட்டாள்.

பிரியந்தினி அவளை ஒருமுறை திரும்பி நிற்கச் சொன்னாள். பிறகு இன்னொருமுறை.

"என்னக்கா, பிழையோ?"

"இல்லையடி. வடிவா இருக்கு. அந்தக் கொழுக்கியைத் திரும்பக் கழட்டிப் பூட்டு பாப்பம்."

அந்தப் பெண் போனதும் லாபிருக்குத் தொலைபேசி எடுத்தாள். "நானா, நாங்கள் சட்டைக் கொழுக்கியைப் பாத்தா கொழுவுறம்?"

"தங்கச்சி, அது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் லாபிர் தயங்கி. பக்கத்தில் அவருடைய மனைவி றாபியா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. றாபியாவே தொலைபேசியை வாங்கினா. பிரியந்தினி சொல்லச் சொல்ல, அங்கே அவ கணவனுக்கு விளங்கப்படுத்தினா. கண் தேவையில்லை, கைக்கு வழி தெரிந்தால் போதும். கண்ணியின் வாய் அகலமாக இருந்தால் கொழுக்கி தானாக வழுக்கி உள்ளே விழும். விழுந்த பிறகு இழுத்தால் வராது, தூக்கினால்தான் வரும்.

நான்கு நாளில் லாபிர் செய்து கொண்டுவந்தார். நாற்காலியின் முதுகுக்குக் கீழே ஒரு குறுக்குக் கம்பி, அதன் நடுவில் புனல் வாய் மாதிரி விரிந்த ஒரு இரும்புக் கண்ணி. சைக்கிளின் கழுத்தில் ஒரு சின்னக் குழாய். இரண்டையும் இணைக்க, அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த ஒரு கம்பி. அதன் ஒரு நுனி குழாய்க்குள் போகும், ஒரு ஆணி அதைப் பிடித்துக்கொள்ளும். மறு நுனிதான் கொழுக்கி. பிரியந்தினி கேட்காமலே அவர் வேறொன்றும் பூட்டியிருந்தார். நாற்காலியின் கைதாங்கியில் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடி.

"பின்னுக்கு இருக்கிற ஆளின்ர முகம் தெரிய வேணுமெல்லோ."

பிரியந்தினி கண்ணாடியைத் திருப்பினாள். அதற்குள் யதுசா நாக்கை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

பழகுவதற்கு ஒரு கிழமை எடுத்தது. யதுசா பின்னாலிருந்து மிதித்து வர, பிரியந்தினி கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். கம்பி கையில் பட்டதும் பிடித்துத் தூக்கி, கண்ணியைத் தடவி, உள்ளே விடுவாள். முதல் நாள் பத்து முறைக்கு ஒன்பது முறை தவறியது. ஐந்தாம் நாள் தவறவில்லை. கொழுக்கி விழும்போது ஒரு 'டக்' கேட்கும். "கொழுவியாச்சு!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். முன் சில்லு நான்கு விரல் உயரத்தில் காற்றில் நிற்க, யதுசா கைபிடியை அப்படியும் இப்படியும் திருப்பித் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை காலை செந்தூரன் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றான். "நானும் பின்னால வரட்டே?"

"வேண்டாம். வந்தா நீங்கள் தள்ளுவியள்."

இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். விதானையார் வீட்டு மதில் கடந்தது. யதுசா அந்த மதிலுக்குக் கை காட்டினாள். கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, அதுக்கும் மற்றக் கால் ஏலாதா என்று கேட்டாள். ஏலும், சும்மா நிற்கிறது என்றாள் பிரியந்தினி. பிறகு வாய்க்காலுக்கு மேலே மேடாகக் கட்டிய மதகு வந்தது.

அந்த மதகை அவள் எத்தனையோ தரம் ஏறியிருக்கிறாள். பிள்ளை மடியில் இருந்தபோது பாரம் முன்னுக்கு இருந்தது. இப்போது பாரம் பின்னுக்கு. பாதி ஏற்றத்தில் நாற்காலியின் முன் சின்னச் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. பிரியந்தினி முன்னுக்குச் சாய்ந்து, சில்லுகளை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னால் இறங்கினாள். றோட்டில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் வயல்.

"என்னம்மா?"

"மதகு விடுகுதில்லை."

ஒரு நிமிடம் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. இவ்வளவு அளந்து, இதை அளக்கவில்லையே. செந்தூரனைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவான். கைப்பேசியை எடுத்துவிட்டாள்.

"அப்ப கழட்டுங்கோ," என்றாள் யதுசா.

கழற்றலாம்தானே! அதற்காகத்தானே இவ்வளவு பாடும். பிரியந்தினி கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொழுக்கியைத் தூக்கினாள். முன் சில்லு நிலத்தில் இறங்கியது. பிள்ளையைப் பக்கத்தில் வரச் சொல்லி, ஆணியை இழுத்து, கம்பியை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். யதுசா இறங்கிச் சைக்கிளைக் கைபிடியில் பிடித்து, மூச்சு வாங்க மதகின் மேல் வரை தள்ளினாள். மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் ஒரே இறக்கமாக இறங்கினாள். கீழே போய்த் திரும்பி நின்றாள்.

"அம்மா! கெதியா! பயப்பிடாமல் வாங்கோ!"

பிரியந்தினி உருட்டினாள். ஒரு தள்ளு, ஒரு மூச்சு. உச்சியில் ஒரு கணம் நின்றாள். கதிர் தள்ளின வயலில் காற்று ஓடியது. கீழே சிவப்புச் சைக்கிளில் அவளுடைய பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு நின்றது. அவள் சில்லுகளில் கையைத் தொட்டும் தொடாமலும் வைத்து நாற்காலியை விட்டாள். அது பறந்தது. தாயும் மகளும் ஒரே நேரத்தில் கூவிய சத்தத்தில் வயலில் இருந்த கொக்குகள் எழும்பிப் போயின.

"கொழுவுங்கோ," என்றாள் யதுசா. "கால் நோகுது."

முன்பள்ளி வாசலில் ஜெகதீஸ்வரி ரீச்சர் கையில் சோக் கட்டியோடு நின்றா. அவ கேள்விப்பட்டிருந்தாலும் பார்த்ததில்லை. பிரியந்தினி பின்னால் கையைக் கொண்டுபோய், பாராமலே கழற்றி, கம்பியை மடியில் வைத்ததும், "இஞ்ச பாரும், இன்னொருக்காச் செய்யும்," என்றா. அதற்குள் பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நின்று தங்களையும் கொழுவச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். அன்று வகுப்பு அரை மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை லாபிர் வந்தார். மதகுச் சங்கதி செந்தூரன் மூலம் அவருக்குப் போயிருந்தது. மனிதருக்கு அது பெரிய மனக்குறை.

"மதகை நான் யோசிக்காமல் விட்டுட்டன் தங்கச்சி. முன்னுக்கு ஒரு பாரம் வைச்சுத் தந்தால் கழட்டாமலே ஏறலாம்."

"வேண்டாம் நானா. மதகில கழட்டுறதுதான் எங்களுக்கு விளையாட்டு. தள்ளி ஏத்திறது அவவின்ர வேலை, பறக்கிறது என்ர வேலை."

லாபிர் தலையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார். யதுசா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். சைக்கிளின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"நானா, இதிலயும் ஒரு கண்ணி வேணும்."

"நானா இல்லையடி, மாமா," என்றாள் பிரியந்தினி.

"பின்னுக்கு என்னத்தைக் கொழுவப் போறீங்க?" என்று கேட்டார் லாபிர்.

"அப்பாவை."

செந்தூரன் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். லாபிர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பில்லாமல், அவனை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, நீங்க எத்தினை கிலோ?"