தாடைகளுக்கு இடையே வெளிச்சம்

2018 அக்டோபர் 6, சனிக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலையூர் ஒன்றில் கண் கூசும் வெயில் அடித்தது.

எல்க் மான் வேட்டை நெருங்கியதால் டெல்பர்ட் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்கச் சுடுதளத்திற்குப் போயிருந்தான். அவன் கொண்டுபோன தோட்டாக்களை முந்தின நாள் கராஜில், பழைய பித்தளைக் கூடுகளை அளந்து வெட்டி, மருந்தும் குண்டும் வைத்து நிரப்பியவள் அவன் மனைவி நோரீன். தன் அளவில் பிழையே வராது என்பது அவள் பெருமை.

கொழுந்தன் வெண்டெல், நுண்ணிய நீளம் அளக்கும் காலிப்பரை இரவல் கேட்டு வந்தான்.

"அண்ணி, இன்னும் இந்த பேட்டரி பொம்மைதானா? முள்ளு வச்சத வாங்குங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே."

"உன் முள்ளுல தூசி பூந்து சக்கரம் பல்லு தாண்டுனது மறந்துபோச்சா? பேசாம எடுத்துட்டுப் போ."

சிரித்துக்கொண்டே அவன் காலிப்பரின் இரு தாடைகளை மூடிச் சன்னலுக்கு எதிரே பிடித்தான். திரை பூஜ்யம் காட்டியது. தாடைகளுக்கு இடையிலோ வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது.

"அண்ணி, இங்க பாருங்க." அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

தாடையின் அடியில் பித்தளைச் சீவல் ஒன்று ஒட்டியிருந்தது. முந்தின நாள் நோரீன் அதைத் துடைக்காமலே மூடி, பூஜ்யப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அதன்பின் தாடையின் நுனியில் வைத்து அளந்த ஒவ்வொரு கூடும், திரை காட்டியதைவிட நீளமானது. நீளம் மிஞ்சிய கூட்டின் வாய் துப்பாக்கிக்குள் நெரிந்து குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் எகிறித் துப்பாக்கியே சுடுபவன் முகத்தில் பிளக்கலாம்.

நோரீன் உடனே டெல்பர்ட்டை அழைத்தாள். செவிக்காப்பு மாட்டியவனுக்குத் தொலைபேசி மணி கேட்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு வெண்டெல் சுடுதளத்துக்கு வண்டியை விரட்டினான்.

டெல்பர்ட் கடைசி மேசையில் கன்னத்தைத் துப்பாக்கியோடு அணைத்திருந்தான். கத்திப் பயனில்லை. நோரீன் பாய்ந்து தூணிலிருந்த சிவப்பு விளக்கின் விசையை அடித்தாள். அது எரிந்தால் யாராயினும் துப்பாக்கியைக் கீழே வைத்துப் பின்வாங்க வேண்டும்.

"எவன்டா அது, சுடப்போற நேரத்துல?" என்று எழுந்த டெல்பர்ட், மனைவியின் முகத்தைக் கண்டு செவிக்காப்பைக் கழற்றினான்.

"எத்தன சுட்ட?"

"ஒண்ணுதான். துப்பாக்கிப் பூட்டு இறுகிக்கிச்சு, கட்டையால தட்டித் தொறந்தேன். ரெண்டாவதும் முக்கிக்கிட்டுதான் உள்ள போச்சு. ஏன், பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

மேசையில் கிடந்த வெற்றுக் கூட்டின் அடி உப்பிக் கிழிந்திருந்தது. வெண்டெல் அதை அண்ணனுக்குச் சுட்டிக்காட்டினான்.

சிவப்பு விளக்கைக் கண்டு வந்த தளக் கண்காணிப்பாளர் தலையசைக்க, நோரீன் குழலைக் குண்டு தடுக்கும் மண்மேட்டின் பக்கம் வைத்தபடியே பூட்டைப் பின்னிழுத்தாள். சுடாத தோட்டா அவள் உள்ளங்கையில் விழுந்தது. அப்போது மணி பத்து நாற்பத்தொன்று.