பின் சக்கரத்துக்குப் புது டியூப்

செந்தில்நாதன் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தபோது, உமாராணி மஞ்சூர் வீட்டு வாசலில் அவனுடைய பைக்கின் பின் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். பஞ்சர் ஒட்டி ஒட்டிச் சலித்துப்போய்ப் புது டியூப் வாங்கியிருந்தாள்.

"நான் இனி அங்க வரலை, உமா. இங்க வேறொருத்தி கூட இருக்கறேன்."

"சரிங்க" என்று போனை வைத்தாள். அழுகை வருமென்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. பழைய டியூபை உருவிப் போட்டுவிட்டு, புதியதில் கொஞ்சம் காற்றடித்து டயருக்குள் நுழைத்தாள். லிவரால் நெம்பும்போது டியூப் நசுங்காதபடி விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலை வேலியோரம் வந்தாள். "ஏங்கண்ணு, தம்பி எப்ப வருதாம்?"

"இனி வரலையாமுங்க அக்கா. வேறொருத்தி கூட இருக்காராம்." பஸ் வராத சேதியைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அஞ்சலை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "எந்திரி கண்ணு, உள்ள வா."

"சக்கரத்தைக் கொஞ்சம் பிடிங்கக்கா, ஆக்சில் உள்ள போகட்டும்."

அஞ்சலை அழுதுகொண்டே பிடித்தாள். உமாராணி செயினை மாட்டி, நட்டை இறுக்கி, டயர் கல்லாகும்வரை பம்பு அடித்தாள். பிறகு அதே பைக்கில் வேலைக்குக் கிளம்பினாள். தேயிலை பேக்டரி ஆபீசில் உட்கார்ந்த பிறகுதான், கையிலிருந்த கிரீஸைக் கழுவவே இல்லை என்று கண்டாள்.