நம்பர் மட்டும் நம்முடையது

ஊதா நிற டிஷ்யூ பேப்பரைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் லாண்டர்ஹெம் கால்பந்து கிளப்பின் நிறம் சிவப்பு. பிறந்த நாளிலிருந்து சிவப்பு. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடக்கும் சிப்பி விருந்துக்கு மேசை விரிப்பு, டிஷ்யூ, பரிமாறுகிற பெண்களின் ஏப்ரன் எல்லாமே சிவப்புதான். இந்த முறை கிளப் தலைவர் ரூலாண்ட் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கேன்டீனில் இறக்கினான். உள்ளே ஊதா. கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டதாம். சமையலறை அலமாரி விற்றுப் பிழைக்கிறவனுக்குப் பொய் சொல்லவா தெரியாது? சிவப்பில் நீலத்தைக் கலந்தால் ஊதா. நீலம் ஸ்டேன்பேக்காரர்களின் நிறம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது. அந்த ஊரைப் பற்றி நான் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டேன். "டேய் ரூலாண்ட், நம்ம நம்பரை யாருக்குடா தாரை வார்க்கப் போற?"

"என்ன அத்தை, டிஷ்யூவுக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தான். சின்ன வயதில் என் வீட்டு வாசலில் சைக்கிள் பழகியவன், இன்னும் அத்தை என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

நம்பர் என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. இந்த நாட்டில் ஒவ்வொரு கிளப்புக்கும் கால்பந்து சம்மேளனம் ஒரு எண் கொடுத்திருக்கிறது. பழைய கிளப்புக்குச் சின்ன எண். கிளப் செத்தால் எண்ணும் அதோடு போய்விடும், வேறு யாருக்கும் தர மாட்டார்கள். எங்களுடையது இரண்டே இலக்கம். நாங்கள் ஆடுவது அடிமட்டப் பிரிவில், பெரும்பாலும் தோற்போம். இருந்தாலும் நாலு இலக்கக் கிளப்காரன் எவனாவது வந்து மார்தட்டினால், கேன்டீன் வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் நம்பர் எழுதிய எனாமல் பலகையைக் கைகாட்டுவோம். வாயை மூடிக்கொள்வான். ஸ்டேன்பேக்குக்கு நாலு இலக்கம்.

என் புருஷன் சிரீல் அந்த நம்பருக்காக இடது பக்கத் தற்காப்பு ஆடியவர். முட்டி இரண்டும் போன பிறகு ஞாயிறு தவறாமல் மூலைக்கொடி பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நிற்பார். வாலிபத்தில் ஒருமுறை ஸ்டேன்பேக்கில் போய் அவர்கள் அணியை ஜெயித்துவிட்டு வெளியே வந்தால், இவர் சைக்கிளைத் தூக்கிக் கால்வாயில் போட்டிருக்கிறார்கள். உயிர் உள்ளவரை அந்த மைதானத்தில் கால் வைக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர், வைக்கவே இல்லை. எங்கள் அணி அங்கே ஆடப் போனால் இவர் வீட்டில் புறாக்களோடு உட்கார்ந்திருப்பார். சைக்கிள் எப்போதோ துருப்பிடித்து மண்ணாகியிருக்கும், கோபம் மட்டும் புதுசாகவே இருந்தது.

ஊதா விஷயத்தைச் சொன்னதும் சூப் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நம்பர் போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு, கோட்லீவ்?" என்றார்.

அன்றிலிருந்து நான் ரூலாண்டைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஸ்டேன்பேக் தலைவரின் கார் அவன் கடை வாசலில் வாராவாரம் நின்றது. ஒரு மனுஷன் எத்தனை சமையலறைதான் வாங்குவான்? சிப்பி விருந்துக்கு ஸ்டேன்பேக்காரர்களையும் அழைத்திருந்தான். தனி மேசை போட்டிருந்தாலாவது பரவாயில்லை, நம்ம ஆள் ஒருத்தர், அவர்கள் ஆள் ஒருத்தர் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தான். சிப்பிச் சட்டியை அவர்கள் முன்னால் நான் வைத்தேன் என்று சொல்ல முடியாது, போட்டேன்.

பிறகு ஒருத்தன் மைதானத்தில் முக்காலி மேல் ஒரு கருவியை நிறுத்தி, அதன் கண்ணாடி வழியாக எதையோ அளந்துகொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டேன். வடிகால் வேலையாம். அவன் எனாமல் பலகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை என்பதால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ரூலாண்ட் கேட்டதற்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பொய்க்குப் பொய்.

வசந்தத்தில் குட்டு வெளிப்பட்டது. இரண்டு கிளப்பையும் இணைக்கப் போகிறார்களாம். உறுப்பினர் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நம்பரைத் தின்னப் பார்க்கிறார்கள், விடாதீர்கள் என்று ஊரையே உசுப்பிவிட்டேன். கூட்டத்தன்று கேன்டீனில் நிற்க இடமில்லை.

ரூலாண்ட் பேச எழுந்ததுமே நானும் எழுந்தேன். "மத்த கதையெல்லாம் அப்புறம் பேசு. நம்பர் யாருது?"

"நம்மளுதுதான், அத்தை. நம்ம நம்பர் இருக்கும், அவங்க நம்பர் போயிடும். எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன்."

நான் நம்பவில்லை. ஸ்டேன்பேக் தலைவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. சம்மேளனத்தில் வேலை பார்க்கிற என் மருமகனுக்கு அங்கேயே போன் போட்டேன். இணைகிற கிளப்புகள் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம், உங்களுடையதைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றான். நான் போனைத் தூக்கிக் காட்டினேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம். மீதி விவரங்களை ரூலாண்ட் படித்துக்கொண்டே போனான். அதெல்லாம் யார் காதில் விழுந்தது? ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது சிரீல் இரண்டு கையையும் தூக்கினார்.

பின்வரிசையில் ஸ்டேன்பேக்காரர்களும் கைதட்டினார்கள். நம்பரைப் பறிகொடுத்தவர்கள் இப்படியா தட்டுவார்கள் என்று எனக்குள் ஒரு முள் தைத்தது. சிரீலின் முகத்தைப் பார்த்து அந்த நினைப்பை ஒதுக்கித் தள்ளினேன்.

ஆகஸ்டு கடைசியில் பருவம் தொடங்கியது. சிரீல் சிவப்பு மஃப்ளரை எடுத்துத் துவைக்கப் போட்டார். கேன்டீனுக்கு எத்தனை பீப்பாய் பீர் சொல்லட்டும் என்று கேட்க ரூலாண்டுக்குப் போன் செய்தேன்.

"அங்கதான் கேன்டீன் இருக்கே, அத்தை," என்றான்.

"எங்கடா?"

"ஸ்டேன்பேக்ல. இனிமே மேட்ச் எல்லாம் அங்கதான். நம்ம மைதானத்துல வீடு கட்டப் போறாங்க. கூட்டத்துலயே படிச்சேனே."

முக்காலிக்காரன் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தான். எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் ஒன்று மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்த்தேன். நான் மூச்சு வாங்கியபோது ரூலாண்ட் மெதுவாகச் சொன்னான்.

"நீங்க நம்பரை மட்டும்தானே கேட்டீங்க, அத்தை."

சிரீலிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் புறாக்களுக்குத் தீனி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார். கால்வாய்ப் பாலம் தாண்டி ஸ்டேன்பேக் வரை என்னோடு மிதித்தார். இத்தனை வருஷத்து வைராக்கியத்தை விட்டுவிட்டாரே என்று நினைத்தேன். மைதான வாசலுக்கு முன்னாலேயே இறங்கி, சைக்கிளை வேலிப் புதரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"நீ உள்ள போ. நம்ம நம்பர் ஆடுது. நம்மள்ல யாராவது இருக்கணும்."

வேலிக்கு மேலே அவர் தொப்பி தெரிகிற இடமாகப் பார்த்து நான் உள்ளே நின்றேன். ஊதாச் சட்டை. நெஞ்சில் சின்னத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் எங்கள் நம்பர். எங்கள் பையன்களில் ஒருத்தன்கூடக் களத்தில் இல்லை, இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஊதா அணி ஒரு கோல் போட்டது. அடித்தவன் ஸ்டேன்பேக் பையன். சிரீலின் சைக்கிளைக் கால்வாயில் போட்டவர்களில் ஒருத்தனுடைய பேரன்.

கூட்டம் கத்தி ஓய்வதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"கோட்லீவ், கோல் யாருக்கு? நமக்கா, அவங்களுக்கா?"

"நமக்குத்தான்," என்றேன்.

தொப்பி மேலே எழும்பி ஆடியது.

"அடிச்சது யாரு?"

கூட்டத்தின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி நின்றேன்.