அலமாரிக் கடல்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு மர அலமாரிக்குள் கடல் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வடிந்தது. ஏறினால் கீழ்த்தட்டு மூழ்கும், அதற்கு மேல் போகாது. அவர் மனைவி போர்வைகளை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டுக் கீழே பிளாஸ்டிக் வாளிகளையும் ரப்பர் செருப்புகளையும் வைத்துக்கொண்டாள். அது என்ன சலசலப்பு என்று விருந்தாளிகள் யாராவது கேட்டால், "இவரோட கடியாரங்கதான், வேறென்ன," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

அந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் வேலை பார்த்தவர்களின் கையில் இருந்தவை. கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறவர்கள், பாலத்தின் தூணில் விரிசல் பார்க்கிறவர்கள், மூழ்கிய சரக்கைக் கயிறு கட்டித் தூக்குகிறவர்கள் கட்டியவை. தடித்த கண்ணாடியும் இருட்டில் மினுங்கும் முட்களும் முகப்பைச் சுற்றித் திருகும் ஒரு வளையமும் அவற்றுக்கு உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இத்தனையும் சேர்த்த கண்ணாடிக் கடைக்காரருக்கு நீச்சல் தெரியாது. கடல் என்றால் காத தூரம் ஓடுவார். தன் வீட்டு அலமாரியைக்கூட எட்ட நின்று குடைக்கம்பியால்தான் திறப்பார்.

இதே பித்துப் பிடித்தவர்களுக்கு அந்த ஊரில் ஒரு சங்கம் இருந்தது. பணி ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி தலைவர், பல் டாக்டர் செயலாளர். கீறலைத் தேய்க்கக் கூடாது, முள்ளை மாற்றக் கூடாது, மூடியைத் திறக்கவே கூடாது என்பது அவர்கள் சட்டம். திறக்காத கடிகாரம் வைத்திருப்பவருக்குச் சங்கத்தில் கிடைக்கும் மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. கண்ணாடிக் கடைக்காரர் பல வருடம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பழைய இரும்புக் கடையில் அவருக்கு அந்தக் கடிகாரம் அகப்பட்டது. தொழிற்சாலையில் மூடிய மூடி அப்படியே இருந்தது. ஓடாமல் நின்றுபோயிருந்தது. யாரோ தண்ணீரில் இறங்குவதற்காகத் திருப்பி வைத்த வளையம்கூட அசையவில்லை. சுங்க அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். அதிலிருந்து அவருக்கு முதல் நாற்காலி.

கடிகாரம் வீட்டுக்கு வந்த நாளில் அலமாரிக் கடல் ஏறியது. பிறகு வடியவே இல்லை. மாதக்கணக்கில் அப்படியே நின்றது. மேல்தட்டுப் போர்வைகளில் பூஞ்சை பூத்தது. மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள்.

சங்கம் நடத்திய கண்காட்சிக்கு அந்தக் கடிகாரத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரொட்டி ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி, சீருடையைக்கூட மாற்றாமல், அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கடிகாரத்தின் அறுந்த வாரில் இருந்த சிவப்பு நூல் தையல் தன் அம்மா போட்டது என்றாள். அவளுடைய அப்பா கப்பலடி சுரண்டுகிறவர். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, வளையத்தைத் திருப்பிவிட்டுப் படகிலிருந்து கால் எடுத்து வைத்த நேரத்தில் வார் அறுந்து கடிகாரம் பலகையில் விழுந்து நின்றது. அவர் அதைக் கவனிக்காமல் இறங்கிவிட்டார். திரும்பி வரவில்லை. தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அரை மணி நேரம் வேலைன்னு சொல்லி அனுப்பினாங்க. அரை மணி ஆகாம எங்கப்பா மேல வரமாட்டாரு சார். அது நின்னதுலேருந்து அவருக்கு நேரமே ஆகல. தொறந்து ஓட விடுங்க," என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். திறந்துவிட்டால் அது பத்தோடு பதினொன்றாகிவிடும், தானும் பழைய நாற்காலிக்குப் போக வேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரியும். அவள் சண்டை போடவில்லை. தினமும் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, அலமாரிக் கதவைத் திறந்து, தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்துகொண்டாள். மனைவி அவளுக்குத் தலையணை கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், கணவருக்குப் போட மறந்தாள். ஒரு நாள் பஸ் ஓட்டுகிறவள், "கை வச்சுப் பாருங்க சார்," என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழங்கைவரை கையை விட்டார். தண்ணீர் சில்லென்றிருந்தது. வெகு ஆழத்தில் இரும்பை இரும்பு சுரண்டுவது விரல் நுனிக்குத் தெரிந்தது. சுரண்டிச் சுரண்டி நிறுத்தி, மறுபடி சுரண்டுவது. வேலையில் இருக்கிற ஆள்தான். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

சேதி கேட்டுச் சங்கமே ஓடி வந்தது. திறக்காதே ஐயா, பாவம் பிடிக்கும் என்று சுங்க அதிகாரி கெஞ்சினார். பல் டாக்டர் கையைப் பிடித்து இழுத்தார். "கைய விடுங்க டாக்டர், ஸ்க்ரூ கீழ விழுந்துடும்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். மூக்குக் கண்ணாடியின் குட்டித் திருகுகளைப் பூட்டிப் பழகிய கை அது. மூடி முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே சுருள்வில் இடம் மாறிக் கிடந்தது. அதைச் சாமணத்தால் எடுத்து அதன் இடத்தில் உட்கார வைத்தார், ஒரு பொட்டு எண்ணெய் விட்டார், மூடினார், சாவி கொடுத்தார். விநாடி முள் கிளம்பியது. அலமாரியில் அலை அடித்தது.

அரை மணி நேரம் யாரும் உட்காரவில்லை. சுங்க அதிகாரி வாய்விட்டு நிமிடம் எண்ணினார். நிமிட முள் வளையத்தில் அரை மணியைத் தொட்டதும் கீழ்த்தட்டு வாளிகளை விலக்கிக்கொண்டு ஒரு தலை எழுந்தது. முகமூடியைக் கழற்றியவருக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. கையில் சுரண்டி இருந்தது. ஈரம் சொட்ட எல்லோரையும் பார்த்தார்.

"முடிஞ்சுதுங்க. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பாக்கி," என்றார். "நான் கெளம்பணும். வீட்ல பாப்பா காத்துக்கிட்டிருக்கும்."

"இங்கதாம்ப்பா இருக்கேன்," என்றாள் பஸ் ஓட்டுகிறவள்.

அவர் அவளுடைய நரையைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார், கடைசியில் இடது புருவத்தில் இருந்த தழும்பைப் பார்த்தார். கட்டிலிலிருந்து விழுந்த தழும்பு. ஈரக் கையால் அதைத் தொட்டுவிட்டு விக்கி விக்கி அழுதார். அவளும் அழுதாள். கண்ணாடிக் கடைக்காரர் ஆனந்தத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செருப்போடு அலமாரிக்குள் இறங்கி நின்றார். தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றி வடிந்துகொண்டிருந்தது.

அம்மா இல்லை என்பதை வீட்டுக்குப் போகிற வழியில் மகள் சொன்னாள். அவர் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டு, நெடுநேரம் கழித்துத்தான் எழுந்தார். அந்த மாதமே சங்கம் தன் சட்டத்தைத் திருத்தி, நின்ற கடிகாரங்களை எல்லாம் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொண்டுவந்து கொட்டியது. பல் டாக்டர் வீட்டுக் குளியல் தொட்டியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஏறி வந்து, இவ்வளவு சின்னத் தொட்டியா என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். துறைமுகத்தில் அவர்களுக்கெல்லாம் பழைய வேலையே கிடைத்தது.

கப்பலடி சுரண்டுகிறவர் தினமும் மகள் ஓட்டும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார், முன் இருக்கையில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு. மெதுவாகப் போம்மா, வளைவு வருகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். புதிதாக ஏறுகிறவர்கள் பையன் ரொம்பப் பயந்த சுபாவமோ என்று அவளிடம் கேட்பார்கள்.

"பையன் இல்லீங்க, எங்கப்பா," என்று சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றுவாள். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு டிக்கெட் எடுப்பார்கள்.