ஆறுகம்பியின் காது

“தாத்தா, கிட்டார் ஊமையா, இல்ல நீங்க செவிடா?”

பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே பேத்தி இப்படிக் கேட்டது போன வருஷம். கிழவர் கட்டிலில் உட்கார்ந்து எலக்ட்ரிக் கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பிகள் கொசு மாதிரிச் சிணுங்கின. பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மகன் வந்து கிட்டாரை வாங்கி நாலு தட்டுத் தட்டினான். குழந்தையிடம், “வால்யூம் கம்மியா இருக்கு, நீ போ” என்றான். பிறகு அப்பாவின் காதருகே குனிந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்: “சத்தம் நல்லாத்தான் வருதுப்பா! உங்களுக்குத்தான் காது போச்சு!”

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் அதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. கிழவர் மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் செவிடர்.

செவிடர் இருக்கும் வீட்டில் ஒரு வசதி உண்டு. எதையும் மெல்லப் பேச வேண்டியதில்லை. “இன்னிக்கும் பாத்ரூம்ல தண்ணி ஊத்தாம வந்திருக்காரு பாருங்க.” “ஒரு ஆள் நிம்மதியா சாப்பிட முடியுதா, இந்த இருமலை வெச்சுக்கிட்டு?” எல்லாம் முகத்துக்கு நேராகவே நடந்தது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து அவர் படுத்த படுக்கையான பிறகு ஒருநாள், அவர் படுத்திருக்கும்போதே மருமகள் டேப்பை விரித்துக் கட்டிலின் நீளத்தை அளந்தாள். “இது காலியாச்சுன்னா என் தையல் மெஷினை இங்க போட்டுக்கலாம்” என்றாள் கணவனிடம். கிழவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவள் கெட்டவள் அல்ல. அவருக்கு வாய் துடைத்தவளும், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டவளும் அவள்தான். துணி ஃபாக்டரியில், தைத்து வரும் சட்டைகளில் குறை பார்ப்பது அவள் வேலை. அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“இனிமே மருந்து வேணாம். கேட்டதைக் குடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை கிழவர் கேட்டது, அலமாரியின் மேலிருந்த கிட்டாரைத்தான். வாயால் கேட்கவில்லை, விரலை நீட்டினார். குழந்தை பள்ளிக்குப் போயிருந்தது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து அடுத்த அறையில் தூங்கினான். அவள் ஸ்டூல் போட்டு ஏறிக் கிட்டாரை இறக்கி, தூசு தட்டி, அவர் பக்கத்தில் கிடத்தினாள். அவருடைய கை கம்பிகளின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு இளகிவிட்டது. பெட்டியைச் சத்தமாக வைத்தால் செவிடருக்கும் கொஞ்சமாவது கேட்காதா?

ஒயரைச் செருகிப் பெட்டியைப் போட்டாள். விளக்கு எரிந்தது. கம்பியைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. கிட்டாரில் இருந்த குமிழ்கள் எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பினாள். சின்ன ஸ்விட்ச்சை மேலும் கீழும் தள்ளினாள். அப்போதும் இல்லை.

ஃபாக்டரியில் மெஷின் தையல் விட்டால் முதலில் ஊசியைப் பார்ப்பார்கள், பிறகு நூலை, பிறகு பாபினை. மெஷினைத் திறப்பது கடைசியில்தான். அவளும் அப்படியே போனாள். ஒயரின் ஒரு முனையைப் பெட்டியிலேயே விட்டு, மறுமுனையைக் கிட்டாரிலிருந்து உருவி அதன் நுனியை விரலால் தொட்டாள். பெட்டி ‘ம்ம்ம்’ என்று உறுமியது. பெட்டியும் நல்லாயிருக்கிறது, ஒயரும் நல்லாயிருக்கிறது. அப்படியானால் கோளாறு கிட்டாருக்குள்தான்.

ஒயர் செருகும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு தகடு. அதன் திருகில் அவள் ஸ்குரூ டிரைவரை வைத்தபோது கிழவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம் என்பது போல இருந்தது.

“ஒடைச்சிட மாட்டேன் மாமா!” என்று கத்தினாள். “பயப்படாதீங்க!”

தகடு கழன்று வந்தது. உள்ளே இரண்டு மெல்லிய ஒயர்கள் இருந்தன. ஒன்று பற்றவைத்தபடியே இருந்தது. மற்றொன்று அந்தரத்தில் நின்றது. அவள் அதன் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தேய்ந்து அறுந்த நூலுக்கு நுனி பஞ்சாக இருக்கும். ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நீளத்தில் விட்டுப்போகும். கத்தரி பட்ட நூலுக்கு அப்படி இருக்காது. அந்தச் செம்பு இழைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், பளபளவென்று, நறுக்கென்று நின்றன.

“என்ன உறுமல் அது, தூங்க விடாம?” கணவன் வாசலில் நின்றான். அவள் மடியில் இருந்ததைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது. “அதை எதுக்குத் தொறந்த?”

“இது அறுந்ததில்ல. கட்டிங் பிளேயர் பட்டிருக்கு.”

“ஆமா, நான்தான். என்ன இப்போ?”

“ஏங்க...”

“பகல்ல நான் எப்போ தூங்குறது? வீட்டுக்காரரு வேற காலி பண்ணு, காலி பண்ணுன்னு உயிரை எடுக்குறாரு. அப்பாகிட்ட எத்தனை தடவை சொன்னேன், கேட்டாரா? இன்னும் கச்சேரி மேடையில நிக்கிற நெனப்பு.”

“அதுக்காகக் காது போச்சுன்னு சொல்லுவீங்களா?”

“வாயில வந்துச்சு, சொன்னேன். அவரும் நம்பிட்டாரு. அப்புறம் நெஜமாவே காதும் போயிடுச்சு.”

“சரி, இப்ப ஒட்டிக் குடுங்க. ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும்.”

“கேட்டா? கேட்ட அடுத்த நிமிஷம் என் மூஞ்சியைப் பாப்பாரு. அந்தப் பார்வையோட போய்ச் சேருவாரு. அதை நான் ஆயுசுக்கும் சுமக்கணுமா? வேணாம். செவிடாவே போகட்டும்.”

“மெதுவாப் பேசுங்க.”

“எதுக்கு? கேக்கவா போகுது?”

கட்டிலில் மூச்சு மாறியது. ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. அவன் பயந்து போனான். டாக்டரைக் கூப்பிட ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.

அவள் கரண்டியில் தண்ணீர் எடுத்து அவர் உதட்டில் விட்டாள். உதடு அசைந்தது. குனிந்து கேட்டாள்.

“மெஷினை... ஜன்னல் பக்கமாப் போடும்மா. இங்க வெளிச்சம் பத்தாது.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது. கடவுள் கண்ணுக்கு இமை கொடுத்தார், காதுக்குக் கொடுக்கவில்லை. கிழவர் தாமாகவே காதுக்கு ஓர் இமை செய்து, ஒரு வருஷமாக மூடி வைத்திருந்திருக்கிறார்.

“மாமா” என்றாள். அந்த வீட்டில் அவ்வளவு சன்னமாக அவள் பேசியதில்லை. “கேக்குதா மாமா?”

அவர் தலையை லேசாக அசைத்தார். அவள் கையைத் தேடித் தொட்டார். படியில் மகனின் காலடி கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் செவிடரானார். பிறகு திறக்கவில்லை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. கீழ் வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. கணவனின் அத்தை வந்து, அழுது, மூக்கைத் துடைத்து, ஃபேனுக்கு நேராக இடம் பார்த்து உட்கார்ந்தாள். கடைசியாக டிரம்ஸ் வாசிப்பவர் வந்தார். கிழவரோடு நாற்பது வருஷம் ஒரே குழுவில் இருந்தவர். அவரைத் ‘தகரம்’ என்றும் கிழவரை ‘ஆறுகம்பி’ என்றும்தான் அந்தக் குழுவில் கூப்பிடுவார்கள்.

தகரம் உடம்பின் தலைமாட்டில் நின்றார்.

“டேய் ஆறுகம்பி. எப்பவும் நான் ஒண்ணு ரெண்டு எண்ணினாத்தானடா நீ ஆரம்பிப்ப. இன்னிக்கு என்னடா, எண்ணாமலே கெளம்பிட்ட?”

யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அப்பா கிட்டார் எங்க? நம்ம பசங்க வெளியிலதான் நிக்கிறாங்க. தூக்குறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு வாசிச்சு அனுப்பிடுவோம்.”

“அது ரிப்பேர் மாமா. சத்தம் வராது.”

“தொறந்து பாத்தா வருது. நான் பாக்காத ஒயரா? ஒரு ஸ்குரூ டிரைவர் குடு.”

“வேணாம் மாமா. இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“அதானே” என்றாள் அத்தை. “காதே கேக்காத மனுசனுக்குப் பாட்டு ஒரு கேடா?”

“யாருக்குக் காது கேக்காது?” தகரம் அவளை முறைத்தார். “இவனுக்கா? போன மாசம் வந்தப்ப நான் படியில ஏறும்போதே, ‘வாடா தகரம், முட்டி இன்னும் கடக்கு கடக்குங்குதே’ன்னு உள்ள இருந்து கிண்டல் பண்ணான். அன்னிக்கு வீட்டுல இவன் மட்டும்தான் இருந்தான். பாம்புக் காதும்மா இவனுக்கு.”

மகன் சுவரில் கையை ஊன்றினான். அவன் உதடுகள் எதையோ கணக்குப் பார்ப்பது போல அசைந்தன. காலையில் கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று என்ன சொன்னோம் என்று அவன் நினைத்துப் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

“கிட்டாரை எடுத்துட்டு வரச் சொல்லு” என்றார் தகரம். “எல்லாருக்கும் முன்னாடியே தொறந்து காட்டுறேன், என்ன ரிப்பேர்னு.”

“நான் எடுத்துட்டு வரேன்” என்றாள் அவள்.

கிட்டாரை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஸ்குரூ டிரைவர் இடுப்பிலேயே செருகியிருந்தது. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து, காலையில் அவசரமாக மூடிய தகட்டை மறுபடியும் திறந்தாள்.

இதை இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தகரம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், இது யாரோ வெட்டியது என்று. அத்தை கேட்பாள், நாற்காலிகள் எல்லாம் கேட்கும். அவனுக்கு அது வேண்டியதுதான். அந்த நறுக்கிய நுனியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. டேப்பை விரித்து அளந்த அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது.

கண்ணாடிக்குக் கீழே நெயில் கட்டர் இருந்தது. அதை எடுத்தாள். ஒயரின் நுனியை விரலால் பிரித்தாள். ஓர் இழையைக் கொஞ்சம் கிள்ளினாள், அடுத்ததை அதைவிடக் கொஞ்சம். கட்டரிலிருந்த அரத்தால் உராய்ந்து, பல்லில் வைத்து இழுத்து, இழைகளைப் பஞ்சாக்கினாள். தூரத்தில் பிடித்து ஃபாக்டரிக் கண்ணால் பார்த்தாள். இன்னும் பளபளப்பாக இருந்தது. ஜன்னல் கட்டையில் கிடந்த கரும்புழுதியைத் தொட்டு நுனியில் தேய்த்தாள். எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுக்கும் அப்படியே செய்தாள். இனி எந்தக் கண் பார்த்தாலும் பழசாகி, உராய்ந்து, தானாக விட்டுப்போன ஒயர்.

தகட்டை வைத்துத் திருகினாள்.

“என்னம்மா, கிட்டார் கெடைச்சுதா?” வெளியே தகரத்தின் குரல் கேட்டது.

“இதோ வரேன்.”

தரையில் செம்புத் துகள்கள் இரண்டு மூன்று மின்னின. ஒரு மக் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் போய்விட, ஒன்று மட்டும் சாக்கடைச் சல்லடையில் மாட்டி நின்றது. இன்னொரு மக் ஊற்றினாள்.