காலை ஐந்துக்கு மோட்டார் ஓடாது

பேராசிரியை பாடம் நடத்துவது நாடுகளுக்கு இடையிலான உறவுகளைப் பற்றி. ஒரு நாடு இன்னொரு நாட்டை ஏன் அங்கீகரிக்கிறது, ஏன் வருடக்கணக்கில் கண்டும் காணாததுபோல் இருக்கிறது என்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறாள். மாணவர்கள் அவளுக்கு ‘வல்லரசு’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்பேர்ப்பட்ட வல்லரசுக்குத் தன் வீட்டு மாடியோடு ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

மாடியில் இருப்பது கணவனின் அண்ணன் குடும்பம். அண்ணனோடு ஒன்றும் இல்லை, ஓரகத்தியோடுதான். அவளை இவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள், கூப்பிட்ட காலத்தில். அக்கா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் இயந்திரம் கூரைக்கு மேலே கடகடவென்று ஓடுவது பேராசிரியையின் மேசை வரை கேட்கும். அந்தச் சத்தம் ஒருநாள் கேட்காவிட்டால் இவளுக்கு ஒரு வரி ஓடாது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

சண்டைக்குக் காரணம் அந்தப் புத்தகம். பேராசிரியை அதை எழுதிய காலமெல்லாம் அவளுடைய கைக்குழந்தை மாடியில்தான் வளர்ந்தது. ஒரு கையால் தையல், ஒரு கையால் தொட்டில் என்று அக்காதான் பார்த்துக்கொண்டாள். புத்தகம் வந்தது. முன்பக்கத்து நன்றியுரையில் மூன்று நூலகங்கள், எட்டுப் பேராசிரியர்கள், கணவன், கணினி பழுதுபார்த்தவர் உட்பட அத்தனை பேரும் இருந்தார்கள். அக்கா மட்டும் இல்லை. வெளியீட்டு விழாவில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா, வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து கீழே இறங்கி வருவதை நிறுத்திக்கொண்டாள்.

விட்டுப்போனது பேராசிரியைக்கு ஒரே வாரத்தில் உறைத்தது. அன்றைக்கே நாலு படி ஏறிப் போய் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் முதலில் இறங்கி வருபவர் பேரம் பேசும் பலத்தை இழக்கிறார் என்று அவளே ஆறாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். தன் புத்தகத்தைத் தானே மதிக்காவிட்டால் எப்படி? வாரம் மாதமாகி, மாதம் வருடமாகிவிட்டது.

மற்றவர்கள் இந்தச் சண்டையை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அண்ணனும் தம்பியும் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்; தெருமுனைத் தேநீர்க் கடையில் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைக்கு இப்போது பத்து வயது. பள்ளி விட்டு வந்ததும் நேரே பெரியம்மா வீட்டுக்குத்தான். எல்லை மூடியிருந்தது வல்லரசுக்கு மட்டும்தான்.

மிச்சமிருந்த ஒரே உறவு மோட்டார். மோட்டார் ஒன்று, தொட்டி ஒன்று, வீடு இரண்டு. காலை ஐந்து மணிக்கு மாடி வீடு போட வேண்டும், மாலையில் கீழ் வீடு. ஏதாவது மாற்றம் என்றால் மாடிப்படிக்குக் கீழே சுவிட்சுப் பெட்டியின் மூடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்படும். யாருக்கு என்று இருக்காது, யார் எழுதியது என்று இருக்காது, காரணம் அறவே இருக்காது. ‘ஞாயிறு தொட்டி கழுவப்படும்.’ ‘வால்வு ஒழுகுகிறது.’ பகை நாடுகளும் இப்படித்தான் கையெழுத்தில்லாத தாள்களைக் கொடுத்துவாங்கிக்கொள்ளும். பின்னால் வம்பு வந்தால் நான் தரவே இல்லை என்று சொல்லிவிடலாம். தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே அந்த மரபு தானாக முளைத்ததில் பேராசிரியைக்கு ரகசியமாக ஒரு பெருமை. வகுப்பில்கூட ‘ஒரு குறிப்பிட்ட பிராந்தியத்தில்’ என்று சொல்லி அதை உதாரணம் காட்டியிருக்கிறாள்.

இப்போது புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. திருத்தங்கள் திங்கட்கிழமைக்குள் வந்தாக வேண்டும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நானூறு பக்கத்தையும் நான்கு நாளில் திருத்திவிட்டவள், நன்றியுரையோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ‘பெயர் விடுபட்ட அனைவருக்கும்’ என்று எழுதிப் பார்த்தாள். கூட்டறிக்கையில் வருகிற வரி அது. யாருக்கும் கோபம் வராது, யாருக்கும் மனசும் நிறையாது. அடித்தாள். அக்காவின் பெயரை எழுதினாள். ஏழு வருடத் தப்பை அச்சில் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அதையும் அடித்தாள். இந்த வாய்ப்பை விட்டால் அக்கா இனி வாழ்நாளுக்கும் தன்னை அக்கா என்று கூப்பிட விடமாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

சனிக்கிழமை மாலை பெட்டியில் புதுச் சீட்டு இருந்தது. ‘நாளை முதல் காலை ஐந்துக்கு மோட்டார் ஓடாது.’

அவ்வளவுதான். பேராசிரியை அதைக் கிழித்து வந்து மேசை விளக்கின் கீழ் வைத்துப் படித்தாள். ஒன்று, மாடிக்காரர்கள் தனியாக மோட்டார் போடப் போகிறார்கள். உறவை அடியோடு முறிக்கும் முடிவு. இரண்டு, இது தண்ணீர்த் தடை. மூன்று, நம் பொறுமையைச் சோதிக்கிறார்கள். சட்டைக்குப் பொத்தான் தேடிக்கொண்டிருந்த கணவன், போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னான்.

“கேட்டா, நமக்குத் தெரியலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்,” என்றாள்.

“நமக்குத் தெரியலைதானே?”

இப்படிப்பட்ட ஆட்களிடம் வெளியுறவைக் கொடுத்தால் நாடு என்னத்துக்காகும் என்று நினைத்துக்கொண்டு அவள் பதில் சீட்டு எழுதினாள். ‘மறு அறிவிப்பு வரை மாலையிலும் ஓடாது.’ அளவான பதிலடி. அடி பலமாகவும் இல்லை, பலவீனமாகவும் இல்லை. திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, கணவன் தலை முழுக்கச் சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றபோது குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது. அவன் போட்ட கூச்சல் மாடி வரை கேட்டிருக்கும். மாடியிலும் யாரோ கூச்சல் போட்டார்கள். அண்ணனும் அந்நேரம் குளிப்பவர்தான்.

பேராசிரியை மாடிப்படிக்குக் கீழே ஓடினாள். அக்கா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் இவளுடைய சீட்டு. ஏழு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது.

“நல்லது பண்ணப் போனா இதுதான் பதிலா?” என்றாள் அக்கா.

“நீங்கதானே தண்ணிய நிறுத்தினீங்க.”

“அஞ்சு மணிக்கு ஓடாதுன்னு எழுதினேன். ஒன்பது மணிக்குப் போடலாம்னு இருந்தேன், உன் சீட்டப் பார்த்ததும் கோவத்துல விட்டுட்டேன். ரெண்டு வாரமா உன் ஜன்னல்ல விடிய விடிய விளக்கு எரியுது. கண்ணசர்ற நேரத்துல ஜன்னலுக்குக் கீழே இது உறுமுதே, கொஞ்சம் தூங்கட்டும்னு பார்த்தேன்.”

எதிராளியின் சலுகையை மிரட்டலாகப் படிப்பது எப்படி நேர்கிறது என்று பேராசிரியை ஒன்பதாம் அத்தியாயத்தில் முப்பது பக்கம் எழுதியிருந்தாள். அந்த முப்பது பக்கத்தில் ஒரு வரிகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

“காரணத்த எழுதியிருக்கலாமே அக்கா,” என்றாள். அக்கா என்ற சொல் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“சீட்டுல காரணம் எழுதுற பழக்கம் நமக்கு ஏது?” அக்கா சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமத் தொடங்கியது. அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. “அப்படி என்னதான் விடிய விடிய எழுதுற?”

பேராசிரியை சொன்னாள். இரண்டாம் பதிப்பு, நன்றியுரை, இன்றைக்குக் கடைசி நாள். பாதியில் நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா சீட்டை நாலாக மடித்தாள். பிறகு, “அந்தப் புத்தகத்த மூணு தடவ படிச்சேன்,” என்றாள். “எனக்கு ஒண்ணும் புரியல. அடிக்குறிப்பெல்லாம் விடாம படிச்சேன். முன்னாடி விட்டுப்போச்சு, உள்ள எங்கயாவது என் பேர் இருக்கும்னு.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று தடவை. தன் துறையில் இருப்பவர்கள்கூட அதை ஒரு தடவைக்கு மேல் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“மறந்துட்டேன் அக்கா. முதல்ல போடவேண்டிய பேரு. அப்புறம் வீம்புல வரல. தப்பு என்னோடதுதான்.”

பேரம் பேசும் பலம் மொத்தமும் போனது. போனால் மனசு இவ்வளவு லேசாக இருக்கும் என்று ஆறாம் அத்தியாயத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அக்கா மடித்த சீட்டைப் பிரித்து, அதன் வெறும் பக்கத்தைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலோடு நீட்டினாள். “இப்பவே எழுது. உள்ள போனா மறுபடியும் யோசிப்ப.”

பேராசிரியை சுவிட்சுப் பெட்டியின் மேல் வைத்து எழுதினாள். ‘நான் எழுத, என் மகளை இரண்டு ஆண்டுகள் வளர்த்துத் தந்த என் அக்காவுக்கு.’ அக்கா தூரத்தில் பிடித்துப் படித்தாள். நாடாவை வைத்து நீளம் பார்ப்பாளோ என்று தோன்றுமளவுக்கு நிதானமாகப் படித்தாள்.

“ரெண்டு இல்ல. மூணு வருஷம்.”

பேராசிரியை அடித்து மூன்று என்று எழுதினாள்.

“அக்கான்னு போட்டா யாருக்குத் தெரியும்? ஊர்ல எத்தனையோ அக்கா. பேரைப் போடு.”

அவள் பேரைப் போட்டாள். பேருக்கு முன்னால் வரும் முதலெழுத்தை விட்டிருந்தாள். அக்கா பென்சிலை வாங்கி அதைத் தானே சேர்த்தாள்.